வரவில்லை என்று சொல்லப்பட்ட ஒரு படிவம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் பிரேமலா. எழுத வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு ரொட்டி சானாய் ஆறிப்போகும் நேரம்தான் இருந்தது. குளுவாங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில், செப்டம்பர் மாதத்துக் காலை ஒன்றில், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "எழுதுறதுன்னா எழுதுங்க, எனக்கென்ன," என்றார். பிறகு ரொட்டியைப் பிய்க்காமலே தட்டைத் தள்ளி வைத்து, "வேணாம், விடுங்க," என்றார். காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "எழுதினா எம்பேரையே போடுங்க. வேற பேரு வச்சா, யாரோ ஒருத்தின்னு நெனச்சுக்குவாங்க."

மூன்றாவதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் குளுவாங் வட்டார மரபுடைமைத் தொண்டர் கழகத்தில் இருக்கிறோம். அவர் பதினோரு வருடமாகச் செயலாளர். நான் இரண்டு வருட உறுப்பினர். ஆகஸ்டு மாதம் வந்தால் கடை கடையாகப் போய் தேசியக் கொடி கொடுப்போம்.* ஜப்பான்காரன் காலத்தில் இறந்தவர்களின் கல்லறைகளில் புல் வெட்டுவோம். வயதான முன்னாள் ராணுவ வீரர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்போம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம், கூரை ஒழுகினால் ஆள் பிடித்துக் கொடுப்போம்.

நாட்டுப்பற்றினால் சேர்ந்தேன் என்று நான் சொன்னால் கழகத்தில் சிரிப்பார்கள். கதை கிடைக்கும் என்று சேர்ந்தேன். இரண்டு வருடம் புல் வெட்டியும் கிடைக்காத கதை, என் கண் முன்னாலேயே, நான் தேநீர்த் தட்டோடு நின்ற ஒரு கூட்டத்திலேயே நடந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைக் கதையை எழுதுகிற ஆளுக்கு இந்தத் தகுதியாவது இருக்கட்டும்.

(* கொடுத்தால் மட்டும் போதாது. மழையில் சாயம் போனதைத் தேடிப்போய் மாற்றவும் வேண்டும். அதற்கு ஆள் வருவது குறைவு.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆகஸ்டு பிறந்துவிட்டால் குளுவாங் நகரத்து விளக்குக் கம்பங்களில் கொடிகள்—

[வேண்டாம். சுற்றுலாக் கையேடு.]

இரண்டாம் முயற்சி:

சார்ஜன் சன்னாசி ஏழு வருடம் பேசவில்லை. எட்டாவது வருடம் பேசினார், வேறொரு பெண்ணிடம்.

[இது பரவாயில்லை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கதை சன்னாசியுடையதாகிவிடும். கதை, பேசப்படாமல் விடப்பட்டவருடையது.]

மூன்றாம் முயற்சி:

பிரேமலா அந்தப் பெண்ணை முதன்முதலில் பார்த்தபோது அவர் மனத்தில்—

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். "அவர்" என்று எழுதினால் பொறாமை வர மறுக்கிறது. "பிரேமலா பொறாமைப்பட்டார்" என்பது கழகத்தின் கூட்டக் குறிப்பு மாதிரி இருக்கிறது. "பொறாமைப்பட்டாள்" என்று மாற்றிய உடனே வந்துவிட்டது. ஆகவே அறுபத்தொரு வயதான ஒருவரை இனி "அவள்" என்று எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால், அவர்கள் தங்கள் பொறாமையை "அவர்" போட்டு எழுதிப் பார்க்கட்டும்.

3

பிரேமலா நில அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூர்வீகம் யாழ்ப்பாணம். அவள் அப்பா குலநாயகம், லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். தோட்ட ஆபீசின் எழுத்து வேலை முழுக்கக் கிராணியின் கையில். துரைக்கு அடுத்த ஆள் அவர்தான். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ரூபினி சிங்கப்பூரில். வீட்டில் தனியாள். கழகம்தான் அவளுக்கு வீடு, வாசல், விசேஷம் எல்லாம்.

சார்ஜன் சன்னாசி அவள் பொறுப்பில் இருந்தவர். எழுபத்தெட்டு வயது. இருபத்தொரு வருடம் ராணுவத்தில் இருந்து, வடக்கே எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் ஒரு காது போய்த் திரும்பியவர். மனைவி காலமாகிவிட்டார். லாயாங் லாயாங்கில் ஒரு மலிவுவிலை வீட்டில் இருந்தார். மாதத்தின் மூன்றாவது வியாழன் அவருக்குக் கண் சிகிச்சை. ஏழு வருடமாகப் பிரேமலா ஒரு வியாழனைக்கூட விட்டதில்லை.

அவள் போகும்போது அவர் முழுக்கைச் சட்டையும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாகக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். காரில் எப்போதும் பின்னிருக்கையில் ஏறுவார். வீட்டுக்குள் அழைத்தால் அவளுக்கு நாற்காலி போடுவார்; தான் கதவு ஓரம் நிற்பார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், நல்லாருக்கேன் மேடம். ராணுவத்தைப் பற்றிக் கேட்டால், போனோம் வந்தோம் மேடம். கழகத்துக்காக அவரைப் பற்றி அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு மொத்தம் பதினொரு வரி. அதில் நான்கு வரி முகவரியும் அடையாள அட்டை எண்ணும்.

சுபாவமே அப்படி, வாய் திறக்காத மனிதர் என்று நினைத்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. பேச்சில்லாமலே நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் கழகம் "தோட்டத்து நாட்கள்" என்று ஒரு கண்காட்சி வைத்தது. பிரேமலா தன் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, கீழே "தோட்ட மக்களின் நண்பர்" என்று தானே எழுதியிருந்தாள். சன்னாசியை அழைத்துவந்து காட்டினாள். அவர் படத்துக்கு முன் வெகுநேரம் நின்றார். அவள் அவரைப் படத்தின் பக்கத்திலேயே நிற்கவைத்து ஒரு போட்டோவும் எடுத்தாள். போட்டோவில் அவர் நெஞ்சை நிமிர்த்தி, கைகளை ஒட்டி, அணிவகுப்பில் நிற்பது போல நிற்கிறார்.

4

பஸீலா மார்ச் மாதம் வந்தாள். முப்பத்தொன்பது வயது. கணவன் நவ்சாத்தோடு சேர்ந்து குடும்பத்துச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்பவள். கல்லறை சுத்தம் செய்யும் நாளில் முப்பது பேருக்கு ரொட்டி ஜாலாவும் கோழிக்கறியும் கொண்டுவந்து இறக்கினாள். அதே நாளில் பிரேமலா இருபத்தைந்து கறிபாப்பு சுட்டுக்கொண்டு போயிருந்தாள். இருபத்திரண்டு திரும்பி வந்தன. அவற்றை உறைபெட்டியில் போட்டு ஒரு வாரம் தானே தின்றாள்.

கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் பிரேமலா போடும் அறிவிப்புகளுக்கு இரண்டு கட்டைவிரல் வரும். அதில் ஒன்று தலைவருடையது. பஸீலா மழையில் நனைந்த ஒரு கொடியின் படம் போட்டாள். நாற்பத்தோரு இதயங்கள். பிரேமலா எண்ணினாள். மறுநாள் காலையில் திறந்து மறுபடி எண்ணினாள், நாற்பத்து மூன்று.

அதோடு அவள் பிரேமலாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள்.

இதெல்லாம் பொறுக்கக்கூடியதுதான். பொறுக்கமுடியாதது மே மாதம் நடந்தது. வீரர்களைப் பார்க்க எல்லாரும் லாயாங் லாயாங் போயிருந்தார்கள். பிரேமலா வழக்கம்போல "மிஸ்டர் சன்னாசி" என்று அறிமுகம் செய்தாள். பஸீலா, "சார்ஜன்!" என்று கூப்பிட்டு ஒரு சல்யூட் அடித்தாள். தப்பான சல்யூட். முழங்கை தொங்கியது. கிழவர் கதவு ஓரத்திலிருந்து இறங்கி வந்து அவள் முழங்கையை ஒரு விரலால் தூக்கிச் சரி செய்தார். சரி செய்துவிட்டு, "இப்படி, தாயி," என்று சிரித்தார். மேல்வரிசையில் அவருக்கு ஒரு தங்கப்பல் இருப்பது ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் பிரேமலாவுக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் காருக்குள் யார் பேசியதும் அவள் காதில் விழவில்லை. தாயி என்று கூப்பிட்டாரே, தாயி என்று கூப்பிட்டாரே என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

5

[இந்த இடத்தில் பஸீலாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருக்க முடியுமா? இரண்டாவது வரைவில் அவளைக் கொஞ்சம் கெடுத்துப் பார்த்தேன்: படத்துக்காகவே தொண்டு செய்பவள், கடைக்கு விளம்பரம் தேடுபவள். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைப் பார்த்துத்தான் பேனாவை வைத்தேன். அது எனக்குப் பிரேமலாவிடமிருந்து தொற்றிக்கொண்டது.

இருந்தாலும் விடவில்லை. குறை தேடி அவள் கடைக்கே போனேன். பரோட்டா போடுகிறவரிடம் கடுமையாகப் பேசினாள். மாமியாரைப் பற்றி, கேட்காமலே, இரண்டு குறை சொன்னாள். என்னிடம் வாங்கிய ஒரு புத்தகத்தை இன்றுவரை தரவில்லை. இவ்வளவுதான் கிடைத்தது. போட்டுவிட்டேன்.]

6

ஜூன் மாதம் ரூபினிக்குப் பிரசவம். பிரேமலா ஐந்து வாரம் சிங்கப்பூரில் இருந்தாள். மூன்றாவது வியாழனுக்குப் பஸீலா போனாள். அப்போது கழகம் ஆகஸ்டு மாதத்துக்காக "வீரர் குரல்" என்ற கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எட்டு முன்னாள் வீரர்களின் பேச்சைப் பதிவு செய்து, மண்டபத்தில் காதொலிக் கருவி மாட்டிக் கேட்க வைப்பது திட்டம். திறப்பன்று கொடியேற்றச் சன்னாசியைக் கேட்டிருந்தார்கள்.

பேரனைப் பிரிந்து வந்த துக்கத்தோடு வீடு திரும்பிய பிரேமலா, குழுவில் தலைவர் சாதிக் பாட்சா போட்டிருந்த செய்தியைப் பார்த்தாள். சார்ஜன் சன்னாசி பேசியிருக்கிறார். ஒரு மணி பத்து நிமிடம். பஸீலாவுக்கு வாழ்த்துகள்.

பதினொரு வரி எங்கே, எழுபது நிமிடம் எங்கே.

மறுநாள் பஸீலா ஒரு தம்ப் டிரைவையும், கழகத்தின் பதிவுக் கருவியையும், சன்னாசி கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். சார்ஜன் உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார் ஆன்ட்டி என்றாள். தேற்றுகிறாளாம். பிரேமலா நன்றி சொல்லி, படிவத்தை வாங்கி, பழைய கூட்டக் குறிப்புகள் இருந்த பச்சைக் கோப்பில் வைத்தாள். வீரர்களின் படிவங்கள் இருந்தது நீலக் கோப்பு.

இதைச் சொல்லும்போது நான் குறுக்கிட்டேன். வேண்டுமென்றேதான் வைத்தீர்களா? பிரேமலா யோசித்துச் சொன்னார்: "வைக்கும்போது சும்மாதான் வச்சேன். எடுக்காமதான் விட்டேன்."

ஜூலை கூட்டம் சாதிக் பாட்சாவின் துணிக்கடை மாடியில் நடந்தது. தலைவர் கண்டிப்பானவர். முன்பு ஒரு குடும்பம், கேட்காமல் படத்தை மாட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்ததிலிருந்து, படிவம் இல்லாமல் எதையும் வைப்பதில்லை என்று விதி போட்டிருந்தார். எல்லாப் படிவமும் வந்துவிட்டதா என்று கேட்டார். பிரேமலா நீலக் கோப்பைப் பிரித்து வாசித்தாள். ஏழு பெயர்.

"மிஸ்டர் சன்னாசியோடது வரல," என்றாள்.

அன்றைக்கு வீட்டில் கொடுத்தேனே ஆன்ட்டி, என்றாள் பஸீலா. பிரேமலா நீலக் கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாக, எல்லாரும் பார்க்கப் புரட்டினாள். பார்த்துவிட்டேனம்மா, இல்லை. பஸீலா அவளை ஒரு கணம் பார்த்தாள். நீண்ட கணமாக இருந்திருக்க வேண்டும். பிரேமலா அதை இன்னும் அளந்துகொண்டிருக்கிறாள். பிறகு, "அப்ப நான்தான் எங்கயோ வச்சுட்டேன் போல," என்றாள் பஸீலா.

நான் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கவனிக்கவில்லை.

புதுப் படிவத்தோடு பஸீலா லாயாங் லாயாங் போனாள். கிழவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போட்டது போட்டதுதான் தாயி, வரவில்லை என்று அவர்கள் சொன்னால் வரவில்லைதான் என்றாராம். கோபமே இல்லையாம். கொடியேற்றவும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாராம். இதைக் குழுவில் பஸீலா இப்படி எழுதினாள்: சார்ஜனுக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம்.

7

ஆகஸ்டு மூன்றாவது வியாழன் பிரேமலா போய் நின்றாள். கேட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தாள். தாத்தா காலையிலேயே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார்கள். கண்ணில் மருந்து விட்டால் இரண்டு மணி நேரம் அவருக்கு வழி தெரியாது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து தம்ப் டிரைவைச் செருகினாள். அதுவரை அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை. வேறொருத்தி வாங்கிய பேச்சைக் கேட்க மனம் வரவில்லை. இப்போது திறந்ததும் கண்ணில் பட்டது பேச்சல்ல, நீளம். அறுபத்தைந்து நிமிடம். தலைவர் போட்ட செய்தியில் எழுபது என்று இருந்தது. ஐந்து நிமிடம் குறைந்தது.

பிரேமலாவுக்கு மனம் துள்ளியது என்றே எழுத வேண்டும். எதையோ மறைக்கிறாள்! கடைசியில் ஒன்று அகப்பட்டது! அலமாரியிலிருந்து கழகத்தின் பதிவுக் கருவியை எடுத்தாள். வெட்டாத பதிவு அதில் அப்படியே இருந்தது. முப்பத்து நான்காவது நிமிடத்தில், எதற்காக ராணுவத்தில் சேர்ந்தீர்கள் என்று பஸீலா கேட்கிறாள்.

"பதிமூணு வயசு தாயி. ஆறாவது முடிச்சிட்டேன். வாத்தியாரு குளுவாங் ஸ்கூல்ல எடம் வாங்கிட்டாரு. பொறந்த பத்திரம் வெள்ளத்துல போயிருச்சு. அதுக்குப் பதிலா ஆபீசுலேருந்து ஒரு கடுதாசி வேணும். வாத்தியாரே எழுதிட்டாரு, கிராணி கையெழுத்துப் போட்டாப் போதும். நான்தான் கொண்டுபோயிக் கொடுத்தேன். மூணு நாளு ஆபீஸ் வாசல்ல நின்னேன். கேட்டா, வரலங்கறாரு. எந்தக் கடுதாசியும் வரலங்கறாரு. மேச டிராயர் தொறந்துதான் இருந்துச்சு. வாத்தியாரு எழுத்து எனக்குத் தெரியாதா? பால் மரம் வெட்ட ஆள் பத்தல, என்னைப் படிக்க விட மனசில்ல. அதான்."

மின்விசிறிச் சத்தம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போகிற சத்தம்.

"அஞ்சாறு வருசம் போச்சு. பட்டாளத்துல பேரு எழுதற எடத்துல ஒரு மலாய்க்கார சார்ஜன். பேரக் கேட்டாரு. டூடோக்னாரு. ஒக்காருன்னு. மேசைக்கு முன்னால நாற்காலி போட்டு என்னை ஒக்காரச் சொன்ன மொத ஆளு அவருதான். இந்த நாட்டுக்காக எதுக்குச் சாகப் போனேன்னு கேட்டீல்ல. அதுக்குத்தான்."

அந்தக் கிராணியின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று பஸீலா கேட்கிறாள்.

"கொலநாயகம் கிராணி. நம்ம மேடத்தோட அப்பா. அவங்களுக்குத் தெரிய வேணாம் தாயி. ஏழு வருசமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. மருந்து விட்டுட்டா கையப் புடிச்சுத்தான் கூட்டியாருவாங்க."

சொல்ல மாட்டேன் சார்ஜன், என்கிறது பஸீலாவின் குரல்.

[இந்த இடத்தில் "பிரேமலா உடைந்து அழுதாள்" என்று எழுதியிருந்தேன். அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அந்த வரியை அடித்தார். அழவில்லையாம். அப்பாவைப் பற்றிக்கூட முதலில் நினைக்கவில்லையாம். முதலில் தோன்றியது இதுதானாம்: இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, அதில் எனக்கு இடம் இல்லை. "வெக்கமா இருக்கு. ஆனா அப்படித்தான் இருந்துச்சு. எழுதுங்க," என்றார். எழுதிவிட்டேன். உங்களுக்கு அவர்மீது மதிப்பு குறைந்தால் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.]

அப்புறம்தான் அந்தச் சொல் உறைத்தது. வரல. அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் கிழவர் விறைத்து நிற்கும் போட்டோ நினைவுக்கு வந்தது. அதை எடுத்தவளும், படத்தின் கீழ் நண்பர் என்று எழுதியவளும் அவள்தான். ஏழு வருடம் அவர் வாயை அடைத்தது எது என்று இப்போது தெரிந்தது. பேச ஒன்றும் இல்லாமல் இருக்கவில்லை. இருந்ததை அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

எழுந்து போய்ப் பச்சைக் கோப்பை எடுத்தாள். படிவம் வைத்த இடத்தில் இருந்தது.

8

மறுநாள் காலை சன்னாசி தன் வீட்டு முன்வாசலில், ஆயர் ஈத்தாம் ஊரில் வாங்கிய மண்தொட்டிகளில் இருந்த மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சட்டையை எடுத்துவர உள்ளே திரும்பினார். வேண்டாம், இருங்கள் என்றாள். நின்றபடியே படிவத்தை நீட்டினாள்.

"இது வந்துருச்சு. எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் வரலன்னு சொன்னேன்."

கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய்த் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்தீங்க மேடம்?"

"வேற ஃபைல்ல."

தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஏழு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் வந்து இரண்டு மாதத்தில் எல்லாம் சொல்லிவிட்டீர்கள் என்றாள். அவள் காதுக்கே அது சின்னப் பிள்ளையின் புகார் மாதிரி கேட்டது. வெட்டாத பதிவைக் கேட்டுவிட்டாளா என்று மட்டும் அவர் கேட்டார். கேட்டுவிட்டேன், கருவியில் இருந்தது என்றாள். அவர் படியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் வெட்டிவிட்டேன் என்று சொன்னாளே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எல்லாவற்றையும் வைக்கப்போகிறேன் என்றாள் பிரேமலா. அப்பா பெயர் உள்பட. ஊர் கேட்கட்டும். இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் காரோட்டி வந்திருந்தாள். சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"வேணாம்," என்றார்.

"எங்கப்பாவுக்காகப் பாக்காதீங்க."

"உங்கப்பாவுக்காக இல்ல. அது நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது. ஊருக்குச் சொல்லல. உங்க மனசு ஆறணும்னு எங்கதைய எடுத்துக்காதீங்க மேடம்."

ஏழு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. செடிகளுக்குப் பாதி தண்ணீர் ஊற்றியிருந்தது. மீதியை அவள் ஊற்றினாள். கிளம்பும்போது அவர் கேட் வரை வந்தார்.

"உங்கப்பா கடேசி வரைக்கும் வரலன்னுதான் சொன்னாரு. நீங்க கொண்டாந்துட்டீங்க," என்றார். பிறகு கேட்டார்: "சனிக்கெழம கொடியேத்தறது எத்தன மணிக்கு?"

9

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், பிரேமலா திறப்பு விழா மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, கோப்பை மாற்றி வைத்த கதையை எல்லார் முன்னாலும் சொல்லி அழுகிறாள். நான்கு பக்கம் வந்தது. கிழவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகும் அவள் மேடை ஏறினாள் என்றால் அவள் ஒன்றும் புரிந்துகொள்ளாதவள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முடிவில், வியாழன்தோறும் பிரேமலாவும் பஸீலாவும் ஒன்றாகக் காரில் போகிறார்கள், பின்னால் கிழவர் பாட்டுக்கூடப் பாடு—

[பொய். நடந்தது இவ்வளவுதான்: மூன்றாவது வியாழன் மறுபடி பிரேமலாவுடையது ஆயிற்று. அவர் இன்னும் பின்னிருக்கையில்தான் ஏறுகிறார். இன்னும் மேடம்தான். செப்டம்பரில் ஒருமுறை, கேட்காமலே, தன் மனைவி எப்படிச் சமைப்பாள் என்று பத்து நிமிடம் பேசினாராம். அதைப் பிரேமலா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதும் வாய்தவறித்தான்.]

மூன்றாவது, உண்மையில் நடந்தது. சனிக்கிழமை காலை சார்ஜன் சன்னாசி தொப்பி அணிந்து, பதக்கங்கள் குத்தி வந்து கொடியேற்றினார். அறுபத்தைந்து நிமிடப் பதிவுக்குக் காதொலிக் கருவியை மாட்டிக்கொள்ள ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "பதிவு செய்தவர்: பஸீலா" என்று அட்டையில் எழுதியிருந்தது பிரேமலாவின் கையெழுத்து. படிவம் கிடைத்துவிட்டது என்று மட்டும் தலைவரிடம் சொல்லியிருந்தாள். எப்படி, எங்கே என்று அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அவர் கேட்க வருவதற்கும், பஸீலா செயலாளர் மேசைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. நான் இரண்டடி தள்ளிக் கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை கவனித்தேன்.

"என்னம்மா, ஃபாரம் எங்கதான் இருந்துச்சு?" என்றார் சாதிக் பாட்சா.

பிரேமலா வாயைத் திறக்கும் முன் பஸீலா முந்திக்கொண்டாள். "பழைய ஃபைல்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சா ஆன்ட்டி?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் கண்களில் கேள்வி இல்லை. ஜூலை மாதத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று பிரேமலாவுக்கு அந்த இடத்தில் புரிந்தது. தெரிந்தே பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டவள், இப்போது ஒரு பதிலையும் தயாராகச் செய்து கையில் கொடுக்கிறாள். "ஆமா" என்று சொன்னால் போதும். தலைவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

நான் "ஆமா" என்று எழுதிப் பார்த்தேன். அப்படியானால் பிரேமலா தன் வாழ்நாள் முழுக்கப் பஸீலாவின் தயவில் இருப்பாள். ஒவ்வொரு "ஆன்ட்டி"யிலும் அது கேட்கும். பொறாமைப்பட்ட ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஏற்றுக்கொண்டால் அது பணிவு என்றும் சொல்லலாம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

"இல்ல" என்றும் எழுதிப் பார்த்தேன். அது உண்மை. ஆனால் அதைச் சொன்ன மறுகணம், பஸீலா செய்த உபகாரம் கீழே விழுந்து உடையும். தலைவர் முன்னால் நேர்மையானவளாக நிற்பவள் பிரேமலாவாக இருப்பாள். மார்ச்சிலிருந்து முதல்முறையாக அவள் பஸீலாவை ஜெயித்திருப்பாள். அந்த "இல்ல"யில் உண்மை எத்தனை பங்கு, பொறாமை எத்தனை பங்கு? ரொட்டி ஆறிப்போன அந்தக் காலையில் இதை அவரிடமே கேட்டேன். "எனக்கே தெரியல," என்றார். "அதான் எழுத வேணாம்னேன்."

அன்று அந்த மேசையில் பிரேமலா சொன்ன சொல் என் காதில் விழுந்தது. ஒரே சொல். அதை நான் இங்கே எழுதினால் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள், இல்லை வெறுத்துவிடுவீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் ஒரு சொல் கொள்ளும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு பஸீலா இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

வெளியே கொடிக்கயிறு கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பிரேமலா கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். பஸீலாவை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னாள்:

"[                    ]"